கொரோனா காலத்தில் கல்லூரி திறப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2020-21இல் ஒரு பொறியியல் கல்லூரியின் ஆண்கள் விடுதிக்கு நான் உதவி வார்டன். கல்லூரியைத் திரும்பத் திறப்பதற்காகப் போட்ட குழுவிலும் என்னைச் சேர்த்திருந்தார்கள். மற்ற ஊர்களில், மற்ற நாடுகளில் எப்படித் திறக்கிறார்கள், எங்கே சறுக்குகிறார்கள் என்று தேடிப் படிப்பதே அந்த மாதங்களில் என் ராத்திரி வேலை. இன்றைக்கும் வேறு கல்லூரி நண்பர்களும் பெற்றோர்களும் அதைப் பற்றிக் கேட்கிறார்கள். இன்னொரு தொற்று வந்தால் நாம் மறுபடி முதலிலிருந்து தடுமாறக் கூடாது. அதனால் திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை இங்கே பதிலோடு எழுதி வைக்கிறேன்.

திட்டத்தை எங்கிருந்து ஆரம்பிக்க வேண்டும்?

மெஸ்ஸிலிருந்து. கேட்பவர்களுக்கு இது விநோதமாக இருக்கிறது. எங்கள் குழுவும் முதல் மூன்று கூட்டங்களில் வகுப்பறையைப் பற்றி மட்டும்தான் பேசியது. பெஞ்சுக்கு ஒருவர், ஆறடி இடைவெளி, தரையில் மஞ்சள் வட்டம், வாசலில் சானிடைசர். இதெல்லாம் வேண்டியதுதான். ஆனால் மாணவன் வகுப்பில் இருப்பது ஐந்தாறு மணி நேரம், அதுவும் வாயை மூடிக்கொண்டு. மீதி நேரமெல்லாம் விடுதியில், மெஸ்ஸில், டீக்கடையில். அங்கேதான் மாஸ்க்கைக் கழற்றுகிறான், சத்தமாகப் பேசுகிறான், சிரிக்கிறான்.

2020 டிசம்பரில் சென்னை ஐஐடியில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். அப்போது வளாகத்தில் 774 மாணவர்கள்தான் இருந்தார்கள். அவ்வளவு பெரிய காட்டுக்குள் 774 பேர் என்பது கூட்டமே இல்லை. ஆனாலும் டிசம்பர் நடுவில் 66 மாணவர்களுக்கும், கூடவே மெஸ் ஊழியர்களுக்கும் தொற்று என்று தெரியவந்தது. ஆய்வகங்களையும் துறைகளையும் மூட வேண்டியதாயிற்று. ஒரே ஒரு மெஸ் மட்டும் இயங்கியதும், எல்லாரும் அங்கே வந்து கூடியதும்தான் காரணம் என்று அன்றைய சுகாதாரத் துறைச் செயலாளர் ஜெ. ராதாகிருஷ்ணன் சொன்னார். அதன்பிறகு சாப்பாட்டைப் பொட்டலமாக அறைக்கே கொண்டு கொடுத்தார்கள். ஆள் குறைவாக இருக்கிறார்களே, ஒரு மெஸ் போதும் என்று நினைப்பது நிர்வாகத்துக்கு இயல்பாக வரும் கணக்கு. சாதாரண நாளில் அது சரியான கணக்கும்கூட. தொற்றுக் காலத்தில் அந்தக் கணக்குதான் கவிழ்த்தது.

இதைப் படித்த மறுநாள் எங்கள் மெஸ்ஸில் போய் நின்று பார்த்தேன். இரவு எட்டு மணி, அன்றைக்குப் பரோட்டா. கல்லிலிருந்து சூடாக எடுக்க எடுக்க, தட்டை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு பையன்கள் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்தபடி நிற்கிறார்கள். மஞ்சள் வட்டம் அவர்கள் காலடியில்தான் இருந்தது, யார் கண்ணிலும் படவில்லை. அடுத்த வாரமே சாப்பாட்டு நேரத்தை நான்காகப் பிரித்தோம், மாடிவாரியாக ஆட்களை அனுப்பினோம். எங்கள் திட்டத்திலேயே உருப்படியாகப் பலன் தந்தது இதுதான் என்பேன்.

அப்படியென்றால் வகுப்பறையில் கவலையே இல்லையா?

இருக்கிறது. ஆனால் கவலைப்பட வேண்டியது பெஞ்சைத் துடைப்பதைப் பற்றி இல்லை, காற்றைப் பற்றி. முதல் ஆண்டில் எல்லாரும் கிருமிநாசினி தெளிப்பதிலேயே பணத்தைக் கொட்டினோம். மூச்சுக் காற்றில் மிதக்கும் நுண்துளிகள் வழியாகவும் கொரோனா பரவுகிறது என்பது தெளிவான பிறகு ஜன்னல்தான் முதல் ஆயுதம். ஏசி போட்ட கருத்தரங்கக் கூடத்தைவிட, நான்கு பக்கம் ஜன்னல் திறந்து மின்விசிறி சுற்றும் பழைய வகுப்பறை எவ்வளவோ மேல். கரியமில வாயுவை அளக்கும் சின்னக் கருவி ஒன்றை வாங்கி வைத்தால் அறைக்குள் எவ்வளவு பழைய காற்று தேங்குகிறது என்று தெரிந்துவிடும். வெளிக்காற்றில் அது 400 பிபிஎம் சொச்சம், அதாவது பத்து லட்சம் பங்கு காற்றில் 400 பங்கு. கூட்டமான அறையில் 1,000ஐத் தாண்டிப் போனால் ஜன்னலைத் திற, இல்லையென்றால் ஆளைக் குறை.

ஜன்னலே இல்லாத ஆய்வகம் என்றால், அமெரிக்காவில் ரிச்சர்ட் கோர்சி, ஜிம் ரோசென்தால் என்ற இருவர் சொன்ன வழி ஒன்று உண்டு. ஒரு மின்விசிறியைச் சுற்றி நான்கைந்து காற்று வடிகட்டிகளைப் பெட்டி மாதிரி டேப் போட்டு ஒட்டிவிடுவது, அவ்வளவுதான். மெக்கானிக்கல் மாணவர்கள் ஒரு மதியத்தில் செய்துவிடுவார்கள்.

திரும்பி வரும்போது எல்லாருக்கும் ஒரு டெஸ்ட் எடுத்தால் போதாதா?

எடுக்காமல் இருப்பதைவிட நல்லது. ஆனால் அது வாசற்கதவை மட்டும் பூட்டுகிற வேலை.

2020 ஆகஸ்டில் அமெரிக்காவில் இதை மூன்று விதமாகப் பார்க்க முடிந்தது. சாப்பல் ஹில்லில் உள்ள வட கரோலினா பல்கலைக்கழகம் வருகிறவர்களுக்கு டெஸ்ட் கட்டாயம் என்று வைக்கவில்லை. அப்போது அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையமே வந்தவர் எல்லாருக்கும் டெஸ்ட் எடுப்பதைப் பரிந்துரைக்கவில்லை. ஆகஸ்ட் 10 அன்று வகுப்பு தொடங்கியது. முதல் வாரத்தில் 130 மாணவர்களுக்குத் தொற்று. டெஸ்ட் எடுத்தவர்களில் தொற்று உள்ளவர்கள் 2.8 சதவீதத்திலிருந்து 13.6 சதவீதத்துக்குத் தாவினார்கள். ஆகஸ்ட் 17 அன்று இளநிலை வகுப்புகள் எல்லாம் ஆன்லைனுக்குப் போகும் என்று அறிவித்துவிட்டார்கள். திறந்து ஒரே வாரம்! இன்னும் வருத்தமான விஷயம், அந்த மாவட்டச் சுகாதாரத் துறை ஜூலை 29 அன்றே, முதல் ஐந்து வாரமாவது ஆன்லைனில் நடத்துங்கள், விடுதியில் ஆட்களைக் குறையுங்கள் என்று எழுத்தில் சொல்லியிருந்தது.

நோட்டர் டேம் பல்கலைக்கழகம் அதே ஆகஸ்ட் 10 அன்று திறந்தது, ஆனால் எல்லாரையும் டெஸ்ட் எடுத்து உள்ளே விட்டது. கிட்டத்தட்ட 12,000 பேரில் 33 பேருக்குத்தான் தொற்று. அருமையான தொடக்கம். அப்படியும் எட்டே நாளில், வளாகத்துக்கு வெளியே நடந்த விருந்துகளால் கேஸ் ஏறி, இரண்டு வாரம் நேரடி வகுப்பை நிறுத்தினார்கள். பரிசோதனையைக் கூட்டி, செப்டம்பர் தொடக்கத்தில் மறுபடி திறக்கவும் செய்தார்கள். நிறுத்தி, சரிசெய்து, திரும்பத் திறந்ததை நான் தோல்வியாகப் பார்க்கவில்லை.

மூன்றாவது விதம்தான் இல்லினாய். அதற்குத் தனிக் கேள்வியே வருகிறது.

எல்லாருக்கும் வாரம் இரண்டு முறை டெஸ்ட் என்கிறார்கள். நடக்கிற காரியமா?

அர்பானா-ஷாம்பெய்னில் உள்ள இல்லினாய் பல்கலைக்கழகம் நடத்திக் காட்டியது. அதுவும் தனியார் லேபுக்கு அனுப்பாமல், தன் சொந்தப் பேராசிரியர்களை வைத்து. வேதியியல் துறையின் மார்ட்டின் பர்க், பால் ஹெர்கன்ரோதர் ஆகியோரின் குழு எச்சிலிலிருந்தே நேரடியாக பிசிஆர் செய்யும் முறையைக் கண்டுபிடித்தது. மூக்கில் குச்சி விட வேண்டாம், வைரஸின் மரபுப்பொருளான ஆர்என்ஏவைப் பிரித்தெடுக்கும் வேதிப்பொருட்களுக்காகக் காத்திருக்கவும் வேண்டாம்.

அது எப்படி நடந்தது என்று கொஞ்சம் கிட்டத்தில் பார்க்கலாம். ஒரு மணி நேரம் முன்னாலிருந்தே எதுவும் சாப்பிடக் கூடாது, குடிக்கக் கூடாது, பல் தேய்க்கக் கூடாது. வளாகத்தில் அங்கங்கே இருக்கும் மையத்துக்குப் போய், ஐடி கார்டைக் காட்டி, ஒரு பிளாஸ்டிக் குழாயை வாங்கிக்கொண்டு, அதில் எச்சிலை மெதுவாக வழியவிட்டு மூடிக் கொடுக்க வேண்டும். சில நிமிட வேலை. குழாய்களைத் திறக்காமலே 95 டிகிரி வெந்நீரில் அரை மணி நேரம் வைக்கிறார்கள். அதில் வைரஸ் செயலிழந்துவிடும், பிறகுதான் லேப் ஆட்கள் திறக்கிறார்கள். இதற்குப் பல்கலைக்கழகத்தின் கால்நடை நோயறி ஆய்வகத்தையே பயன்படுத்தினார்கள். நாளைக்குப் பத்தாயிரத்துக்கும் மேல் டெஸ்ட். முடிவு பெரும்பாலும் அன்றைக்கோ மறுநாளோ போனுக்கு வந்துவிடும். டெஸ்ட்டைத் தவறவிட்டவருக்குக் கட்டடக் கதவு திறக்காது.

இதில் நான் கற்றுக்கொண்டது வேகம்தான் முக்கியம் என்பது. யேல் பல்கலைக்கழகத்தின் டேவிட் பால்டியல் குழு 2020 ஜூலையில் வெளியிட்ட கணக்கீடும் இதையே சொல்கிறது. 5,000 மாணவர்கள், அவர்களில் அறிகுறி தெரியாத 10 தொற்றாளர்கள் என்று வைத்துக்கொண்டு, 80 நாள் செமஸ்டரைக் கணித்துப் பார்த்தார்கள். அவ்வளவு துல்லியம் இல்லாத மலிவான டெஸ்ட்டாக இருந்தாலும், இரண்டு நாளுக்கு ஒருமுறை எடுத்தால் சமாளித்துவிடலாம் என்று முடிவு வந்தது. காய்ச்சல் இருமல் வந்தவரை மட்டும் பிடிப்பது பலிக்காது என்றும் வந்தது. வாசலில் நெற்றியில் துப்பாக்கி மாதிரி ஒரு கருவியைப் பிடித்து வெப்பம் பார்த்தோமே, அதை நம்பி எத்தனை கல்லூரிகள் இருந்தன என்று நினைத்தால் இப்போதும் மனசு பதறுகிறது.

அவ்வளவு செய்தும் இல்லினாயில் கேஸ் ஏறியதே, ஏன்?

ஏறியது உண்மை. ஆகஸ்ட் 24 அன்று வகுப்பு தொடங்கியது. செமஸ்டர் முழுவதற்கும் எழுநூறு கேஸ் அளவுக்குத்தான் வரும் என்று இயற்பியலாளர்கள் நைஜல் கோல்டன்ஃபெல்டும் செர்கை மாஸ்லோவும் கணித்திருந்தார்கள். முதல் இரண்டு வாரத்துக்குள்ளேயே அந்த எண்ணிக்கை தாண்டிவிட்டது.

மாணவர்கள் பார்ட்டிக்குப் போவார்கள் என்பது அவர்கள் கணக்கில் இருந்தது. தொற்று உறுதியானது தெரிந்த பிறகும் சிலர் போவார்கள் என்பதுதான் இல்லை. நம் ஊரில் பார்ட்டி என்ற இடத்தில் பிறந்தநாள் கேக், கோயில் திருவிழா, செமஸ்டர் முடிந்த அன்று ஹோட்டல் என்று வைத்துக்கொள்ளுங்கள். உடனே இரண்டு வாரம், வகுப்பு, சாப்பாடு, டெஸ்ட் மாதிரி அவசியமான வேலைக்கு மட்டும் வெளியே வரலாம் என்று கட்டுப்படுத்தினார்கள். தொற்று உள்ளவரை அரை மணி நேரத்துக்குள் தொடர்புகொள்ளத் தனிக் குழு போட்டார்கள். எண்ணிக்கை இறங்கியது, நவம்பர் கடைசியில் வரும் நன்றி நவிலல் விடுமுறை வரை வளாகத்தைத் திறந்தே வைத்திருந்தார்கள்.

விதியை மீறுகிற மாணவர்களை வெளியே அனுப்பிவிடலாமா?

நான் இதை ஏற்றுக்கொள்ள மாட்டேன். பாஸ்டனில் உள்ள நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழகம் 2020 செப்டம்பரில் ஒரே அறையில் கூடியிருந்த 11 முதலாண்டு மாணவர்களை அந்த செமஸ்டரிலிருந்து நீக்கியது. கட்டிய 36,500 டாலரும் திரும்ப வராது என்றது. இங்கிலாந்தின் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் நவம்பரில் ஒருநாள் விடுதியைச் சுற்றித் திடீரென்று இரும்பு வேலி முளைத்தது. பிள்ளைகள் அன்று இரவே அதைப் பிடுங்கிப் போட்டார்கள், பல்கலைக்கழகம் மன்னிப்புக் கேட்டது.

தண்டனைக்குப் பயந்தால் மாணவன் கூட்டம் போடுவதை நிறுத்த மாட்டான், சொல்வதைத்தான் நிறுத்துவான். எங்கள் விடுதியில் மூன்றாமாண்டு பையன் ஒருவன் மூன்று நாள் காய்ச்சலை மறைத்தான். பாராசிட்டமால் போட்டுக்கொண்டு வகுப்புக்கும் போய் வந்திருக்கிறான். அறையில் போய்ப் பார்த்தபோது போர்வைக்குள் நடுங்கிக்கொண்டே, “சார், சொன்னா ரூம்மேட் நாலு பேரையும் அடைச்சிருவீங்க, என்னாலதான்னு திட்டுவாங்க சார்” என்றான். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. யார் பெயரையும் நோட்டீஸ் போர்டில் போடுவதில்லை, தானாக வந்து சொன்னவரிடம் எங்கே போனாய் என்று விசாரணை வைப்பதில்லை, வருகைப் பதிவில் கை வைப்பதில்லை என்று மறுநாளே எழுதி ஒட்டினோம். அந்த வாரமே ஆறு பேர் தாங்களாக வந்து சொன்னார்கள்.

தனிமை அறைகள் எத்தனை ஒதுக்க வேண்டும்?

நீங்கள் நினைப்பதைப்போல் இரண்டு மடங்கு. தொற்று வந்தவருக்கு ஒன்று, அவரோடு பழகியவர்களுக்கு வேறு என்று தனித்தனியாக வேண்டும். சாப்பல் ஹில் மூடிய அன்று 177 பேர் தொற்றோடு தனிமையில், 349 பேர் தொடர்பில் இருந்ததால் தனிமையில் என்று அறிவித்தது. தொற்றுக்காரர் ஒருவர் என்றால் இன்னும் இரண்டு பேருக்கு இடம் வேண்டும் என்று அதிலிருந்தே தெரியும்.

அறையைவிடப் பெரிய விஷயம் அதற்குள் போகும் சாப்பாடு. நியூயார்க் பல்கலைக்கழகத்தில் வெளி மாநிலங்களிலிருந்து வந்தவர்களை இரண்டு வாரம் அறையிலேயே இருக்கச் சொன்னார்கள். சாப்பாடு நேரத்துக்கு வரவில்லை, வந்ததும் போதவில்லை என்று பிள்ளைகள் டிக்டாக்கில் வீடியோ போட்டு, பல்கலைக்கழகம் வருத்தம் தெரிவிக்க வேண்டியதாயிற்று. வேளைக்கு வேளை சூடான கஞ்சி, ரசம், வெந்நீர், போன் சார்ஜர், தினம் ஒருமுறை பேச ஒரு ஆள், ஆக்சிஜன் அளவு பார்க்க ஒரு கருவி. இவ்வளவும் இருந்தால் யாரும் தனிமைக்குப் பயந்து ஒளிய மாட்டார்கள்.

இன்னொன்று. காலி அறை என்று நினைத்தது காலியாக இருக்காது. 2020 ஜூனில் சென்னை மாநகராட்சி அண்ணா பல்கலைக்கழக விடுதிகளைத் தனிமை மையத்துக்குக் கேட்டபோது, ஊருக்குப் போன மாணவர்களின் சான்றிதழ்களும் லேப்டாப்பும் துணிமணியும் உள்ளே பூட்டிக் கிடந்தது பெரிய பிரச்சினையானது.

எங்கள் கல்லூரியில் அவ்வளவு பணம் இல்லை. என்ன செய்வது?

கேம்பிரிட்ஜ் செய்ததைப் பாருங்கள். ஒரே சமையலறை, குளியலறையைப் பகிர்ந்துகொள்ளும் மாணவர்களை ஒரு வீடு என்று கணக்கு வைத்தார்கள். அந்த வீட்டார் எல்லாரும் வாரம் ஒருமுறை தங்கள் குச்சிகளை ஒரே குழாயில் போட வேண்டும். அந்தக் குழாய்க்கு ஒரே டெஸ்ட். தொற்று இருந்தால் மட்டும் தனித்தனியாக எடுப்பார்கள். பத்து டெஸ்ட்டின் வேலையை ஒரு டெஸ்ட் செய்துவிடுகிறது.

அரிசோனா பல்கலைக்கழகம் விடுதிக் கழிவுநீரையே பரிசோதித்தது. 2020 ஆகஸ்டில் லிக்கின்ஸ் ஹால் என்ற விடுதியின் சாக்கடை நீரில் வைரஸ் தெரிந்தது. உடனே அங்கே இருந்த 311 பேருக்கும் டெஸ்ட் எடுத்தார்கள், அறிகுறியே இல்லாத இருவர் அகப்பட்டார்கள். பக்கத்தில் உயிரித் தொழில்நுட்பத் துறை உள்ள கல்லூரி இருந்தால் சேர்ந்து செய்யலாம்.

இவை இரண்டும் முடியாவிட்டால், ஆளைக் குறைப்பதுதான் வழி. எல்லாரையும் ஒரே நாளில் வரவழைக்காதீர்கள்.

யாரை முதலில் அழைப்பது?

தமிழ்நாட்டில் 2020 டிசம்பர் 7 அன்று இளநிலை இறுதியாண்டு மாணவர்களுக்கு வகுப்பு தொடங்கியது. வேலை, மேற்படிப்பு என்று அவர்களுக்குத்தான் அவசரம் என்பது நியாயம். அவர்களோடு இன்னொரு பட்டியலும் வேண்டும் என்று நான் குழுவில் சண்டை போட்டேன். வீட்டில் சிக்னல் இல்லாதவர், ஒரே போனை மூன்று பிள்ளைகள் பகிர்பவர், ஒற்றை அறை வீட்டில் இருப்பவர், வீட்டில் நிம்மதி இல்லாதவர். எங்கள் மாணவி ஒருத்தி மலைப்பாதையில் இரண்டு கிலோமீட்டர் நடந்து போய் ஒரு பாறை மேல் உட்கார்ந்து வகுப்பு கேட்டாள். இரண்டாமாண்டுதானே என்று அவளைக் காத்திருக்கச் சொல்வது எப்படி?

பேசாமல் ஆன்லைனிலேயே விட்டுவிடலாமே?

சில இடங்களில் அதுதான் சரி. கலிஃபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகம் 2020 மே மாதமே, தன் 23 வளாகங்களிலும் அடுத்த செமஸ்டர் பெரும்பாலும் ஆன்லைன்தான் என்று சொல்லிவிட்டது. கடைசி நேரத்தில் டிக்கெட்டைக் கேன்சல் செய்யும் கஷ்டம் அங்கே யாருக்கும் வரவில்லை.

ஆனால் ஆன்லைன் என்றாலே பாதுகாப்பு என்று நினைத்துவிடக் கூடாது. கார்னெல் பல்கலைக்கழகத்தில் பீட்டர் ஃப்ரேசியர் குழு போட்ட கணக்கு வேறு மாதிரி வந்தது. வகுப்பு ஆன்லைன் என்றாலும் ஆயிரக்கணக்கான மாணவர்கள் இத்தாக்கா ஊருக்கு வந்து வாடகை வீட்டில் இருக்கத்தான் போகிறார்கள், அவர்களை டெஸ்ட் எடுக்கச் சொல்லப் பல்கலைக்கழகத்துக்கு அதிகாரம் இருக்காது, அதனால் தொற்று கூடுமே தவிரக் குறையாது என்றார்கள்.

வெளிநாட்டில் படித்த நம் பிள்ளைகளுக்கு இன்னொரு பயமும் இருந்தது. முழுக்க ஆன்லைனில் படிப்பவர்கள் நாட்டை விட்டுப் போக வேண்டும் என்று அமெரிக்கக் குடியேற்றத் துறை 2020 ஜூலை 6 அன்று அறிவித்தது. ஹார்வர்டும் எம்ஐடியும் வழக்குப் போட, ஜூலை 14 அன்று அதைத் திரும்பப் பெற்றார்கள். அந்த எட்டு நாளும் எத்தனை வீடுகளில் தூக்கம் இல்லை என்று எனக்குத் தெரியும்.

மெஸ் அண்ணன்கள், துப்புரவு அக்காக்கள் பற்றித் திட்டத்தில் எதுவும் இல்லையே?

இதைக் கேட்டவர் எங்கள் மெஸ் மேற்பார்வையாளர். கேட்ட பிறகுதான் எங்களுக்கு உறைத்தது. இருபது வயதுப் பையனுக்குப் பெரும்பாலும் நான்கு நாள் காய்ச்சலோடு போய்விடும். சர்க்கரை வியாதியோடு ஐம்பத்தைந்து வயதில் பாத்திரம் கழுவுகிறவருக்கு அப்படிப் போகாது. அவருக்கும் அதே டெஸ்ட், அதே தரமான மாஸ்க், லீவு எடுத்தால் சம்பளம். ஒப்பந்தத் தொழிலாளி என்று சொல்லிக் கையை உதறக் கூடாது. தினக்கூலி போய்விடும் என்றால் காய்ச்சலோடுதான் வேலைக்கு வருவார்கள்.

தடுப்பூசி வந்த பிறகு இதெல்லாம் தேவையா?

குறைவாகத் தேவை. 2021 மார்ச்சில் ரட்கர்ஸ் பல்கலைக்கழகம் தடுப்பூசியைக் கட்டாயமாக்கியது, பல இடங்கள் பின்தொடர்ந்தன. ஆனாலும் 2022 ஏப்ரலில் ஐஐடி வளாகத்தில் மறுபடியும் நூற்றுக்கு மேல் கேஸ் வந்தது. உயிருக்கு ஆபத்து குறைந்திருந்தது, அதுதான் பெரிய வித்தியாசம்.

மறுபடி மூட வேண்டி வந்தால்?

எந்த எண்ணிக்கையில் எதை நிறுத்துவது என்பதைத் திறக்கும் முன்பே எழுதி வைத்துவிடுங்கள். தனிமை அறைகளில் பாதி நிறைந்தால் என்ன, முக்கால் நிறைந்தால் என்ன என்று. பதற்றத்தில் எடுக்கும் முடிவு பெரும்பாலும் “எல்லாரும் வீட்டுக்குப் போங்கள்” என்றுதான் வரும். அப்படி அனுப்புவதுதான் ஆக மோசம் என்று 2020 செப்டம்பரில் அமெரிக்கத் தொற்றுநோய் நிபுணர் ஆண்டனி ஃபௌச்சி எச்சரித்தார். தொற்றோடு போகிற பிள்ளை பஸ்ஸில் ஐம்பது பேரோடு போகிறான், வீட்டில் பாட்டி மடியில் போய்ப் படுக்கிறான். வகுப்பை நிறுத்துங்கள், விடுதியை நிறுத்தாதீர்கள்.

பெற்றோர் என்ன கேட்க வேண்டும்?

சானிடைசர் வைத்திருக்கிறீர்களா என்று கேட்காதீர்கள், எல்லாரும் வைத்திருப்பார்கள். என் பையனுக்கு ராத்திரி பதினொரு மணிக்குக் காய்ச்சல் வந்தால் யார் போனை எடுப்பார், அவர் பெயர் என்ன என்று கேளுங்கள். டெஸ்ட் முடிவு எத்தனை மணி நேரத்தில் வரும்? அதுவரை அவன் எந்த அறையில் இருப்பான், அந்த அறையை நான் பார்க்கலாமா? இரவுச் சாப்பாட்டுக்கு மெஸ்ஸில் ஒரே நேரத்தில் எத்தனை பேர் உட்காருவார்கள்? கடைசிக் கேள்விக்கு எண்ணிக்கையாகப் பதில் வராவிட்டால், எட்டு மணிக்கு நீங்களே மெஸ்ஸுக்குப் போய் ஒருமுறை நின்று பாருங்கள்.